ஐந்து நிமிஷ வேலை

...பத்து நாளாவது ஆகும், ரிப்பேர் என்றால் சென்னைக்குத்தான் அனுப்புவார்கள், போன தடவையே அப்படித்தான் சொன்னார்கள், இப்போது ஆனால் என்ன, பத்து மாதம் வைத்துக்கொள்ளட்டும், யார் குரலைக் கேட்க இங்கே அவசரம்... திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் காது மெஷின் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தவள் என் மகள் தேவிப்பிரியா. போனில் என்னிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம். கட்டட்டும். பொதட்டூர்பேட்டையில் பிறந்தவளுக்குக் கத்துவது என்ன புதுசா, விசைத்தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டி வளர்த்த பெண், சாதாரணமாகப் பேசினாலே மூன்று வீடு தாண்டும். என் காதைத் தின்றதும் அதே தறிகள்தான், முப்பத்தைந்து வருஷமாகத் தின்றன, அதில் எனக்குக் கோபம் இல்லை, சோறு போட்டவையும் அவைதானே... மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் சட்டையில் சுப்ரஜா என்று பெயர் குத்தியிருக்கிறது. என் மெஷினை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று அவள் உதடு கேட்கிறது. தறிக்காரனுக்கு உதடு தெரிந்தால் போதும், நாங்கள் அந்தச் சத்தத்துக்குள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். "ஆவணிலேர்ந்துதானே நைனா?" என்று மகள் என் காதுக்குள் கத்துகிறாள். ஆவணியாம்! ஆவணியில் மெஷினுக்கு என்ன கேடு? "மெஷின் நல்லாதாம்மா இருந்துது. உங்கம்மா போன பொறவு நாந்தான் கயட்டி டப்பால போட்டுட்டேன்."

உண்மைதானே. தினமும் காலையில் பாட்டரி மூடியைச் சாத்தியதும் காதுக்குள் டிங் டிங் என்று மணி அடிக்கும், அது கடைசி வரை அடித்துக்கொண்டுதான் இருந்தது. மணி அடிக்கிற மெஷினை யாராவது கெட்டுப்போனது என்பார்களா? குறைந்துகொண்டே போனது ஞானத்தின் குரல்தான். ஞானம்மாள், என் மாமன் மகள், என் பெண்டாட்டி. ஆடியில் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மலைக்கு வந்து, அவளுக்காக மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவளும் ஆட்டோவில் மேலே வந்துவிட்டாள். சந்தனத்தை நாந்தான் பூசுவேன் என்று ஒரே பிடிவாதம். மொட்டைக்குக் கழற்றிய மெஷினைச் சந்தனம் காயும் வரை மாட்டாமல் இருந்திருக்க வேண்டும், முடி எடுக்கிறவர்கூடச் சொன்னார், ஆனால் அவள் என்னவோ சொல்லிச் சிரிக்கப்போகிறாள் என்று தெரிந்தது, அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது, ஈரத் தலையோடு மெஷினை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் குந்தினேன். அள்ளி அள்ளி அப்பினாள், காதுக்குப் பின்னால் எல்லாம் ஜில்லென்று வழிந்தது. "உரிச்ச தேங்கா மாறியே கீற பாவா" என்றாள். எவ்வளவு தெளிவாகக் கேட்டது! அப்புறம் அத்தனை தெளிவாக அவள் எதுவுமே பேசவில்லை.

நோய் தொண்டைக்கும் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்க்க வந்தவர்களும் மெதுவாகத்தான் பேசினார்கள், நோயாளி படுத்திருக்கும் வீட்டில் வேறு எப்படிப் பேசுவார்கள்? டிவியும் போடுவதில்லை. மகள் போடுகிற கூச்சல் மட்டும் எட்டும், அவள் கூச்சல் மெஷின் இல்லாமலே எட்டும். ஒருவேளை மெஷினையும் ஒரு தடவை காட்டிவிடலாமா என்று ஒருநாள் தோன்றியது, தோன்றாமல் இல்லை. பத்து நாள் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் இருக்கிற கொஞ்ச நஞ்சக் குரலும் எனக்கு இல்லாமல் போகுமே என்று பயந்து விட்டுவிட்டேன். வலிக்கு அவளால் இடது பக்கம்தான் படுக்க முடியும், இடது பக்கம் சுவர், உதடும் தெரியாது. கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கலாம். ஒரு கட்டிலைத் திருப்பிப் போட எனக்கு மூளை இல்லாமல் போனதே... அவள் தோள் அசைந்தால் பேசுகிறாள் என்று அர்த்தம், நின்றால் ஆங் என்பேன். கேட்கவில்லை என்று சொன்னால் பாவம் மறுபடி மூச்சைப் பிடித்துச் சொல்ல வேண்டுமே. ஐப்பசியில் அந்தக் கடைசி மத்தியானம், மகள் மருந்து வாங்க வெளியே போயிருந்தாள், தோள் ரொம்ப நேரம் அசைந்தது. நின்றதும் ஆங் என்றேன். அப்போது அவள், அவ்வளவு வலியிலும், மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உதடு தெரிந்தது. "நெஜமாவா பாவா?" அதற்கும் ஆங் என்றேன். அவள் முகம் அப்படியே தளர்ந்தது, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடியும்போது அந்தக் கை சில்லிட்டிருந்தது.

சுப்ரஜா ஒரு சின்ன பிரஷ்ஷால் மெஷினின் முதுகைச் சுரண்டுகிறாள். மஞ்சளாக ஏதோ பொடி உதிர்கிறது. அதை வெள்ளைத் துணியில் தட்டி, மூக்கருகே கொண்டுபோய், சிரித்துக்கொண்டே மகளிடம் என்னவோ சொல்கிறாள். மகள் சிரிக்கவில்லை. மெஷின் என் காதுக்கு வருகிறது, டிங் டிங், அதே மணி... அப்புறம் ஃபேன் சத்தம், பஸ் ஹாரன், பள்ளிப்பட்டு பள்ளிப்பட்டு என்று கூவும் கண்டக்டர், எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்து விழுகின்றன.

"மெஷின்ல ஒண்ணுமே இல்லீங்கய்யா. மேல ரெண்டு ஓட்டை கீது பாருங்க, அதாங்க மைக்கு. சந்தனம் காஞ்சி அடைச்சிகினு இருந்துது. பேசறது உள்ள போவாது, மெஷினோட மணி மட்டும் கேக்கும். அஞ்சு நிமிஷ வேலைங்க, அன்னிக்கே எடுத்தாந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இப்ப கேக்குதுங்களா?"

"ஆங்."

என் வாயிலிருந்துதான் வந்தது. இத்தனை உரக்கவா சொல்வேன்? சந்தேகமே இல்லாதவன் சொல்வது போல அல்லவா இருக்கிறது. ஞானத்துக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமா... மேஜையில் கிடக்கும் துணியைப் பார்க்கிறேன், ஒரு சிட்டிகைகூட இல்லை, அவள் கையால் அப்பிய சந்தனம். மகள் என் தோளைத் தொடுகிறாள். இந்தத் தடவை கத்தவில்லை, போலாமா நைனா என்கிறாள், அவள் குரல் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன்.

"உங்கம்மா கொரலு... கடசீல எப்டி இருந்துதும்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்: "நல்லாதான் நைனா இருந்துது. சமையக்கட்டு வரைக்கும் கேக்குமே."

சமையற்கட்டு வரைக்கும். நான் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான், கேட்டுச் சொல்ல வேறு யாரும் இல்லை. நிஜமாகவா என்று கேட்டாள், நிஜம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.