முதல் வரியில் கெட்ட வார்த்தை கூடாது

எங்கள் மெத்தைக் கம்பெனி மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் நல்லவார்த்தை. எந்தக் காகிதமும் நல்ல வார்த்தையோடுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. குடோன் கூரை சரிந்து விழுந்ததைக்கூட ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று எழுதித் தொடங்கியவர். வாய்தான் இனிப்பு, வேலை என்று வந்தால் சுத்த வெத்துவேட்டு.

அந்த வருஷம் முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. எல்லோருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிட வேண்டும். ஒரு ஆளை முகத்துக்கு நேரே போ என்று சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. ஆபீசில் கம்ப்யூட்டர் ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அது என் தலையில் விடிந்தது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. எக்செல் ஷீட்டின் ஓரத்தில் ஒரு குட்டி அட்டவணை. பூஜ்யத்திலிருந்து ‘வெளியே’, நாற்பதிலிருந்து ‘எச்சரிக்கை’, அறுபதிலிருந்து ‘தொடரலாம்’, எண்பதிலிருந்து ‘பதவி உயர்வு’. ஒவ்வொருவர் மதிப்பெண்ணுக்கும் இந்த நான்கில் ஒன்றை எடுத்துக் கொடுக்க ஒரு வீலுக்கப் ஃபார்முலா. அதே எண் இல்லாவிட்டாலும் அதற்குக் கீழே நெருங்கியது போதும் என்று அதனிடம் சொல்லிவிடலாம். ஐம்பத்திரண்டு வாங்கியவன் நாற்பதில் போய் உட்காருவான். ஒரே நிபந்தனை, எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏனென்றால் அது எல்லா வரியையும் படிப்பதில்லை. நடுவில் போய்க் குதிக்கும். தேடுவது அங்கே இருப்பதைவிடப் பெரிதென்றால் கீழே போகும், சிறிதென்றால் மேலே போகும். இதையெல்லாம் நல்லவார்த்தைக்கு விளக்கி, அட்டவணையில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அக்கா வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கூடப் பிறந்த அக்கா. மெத்தைக்கு ஓரம் தைக்கும் மெஷினில் இருக்கிறாள். மாமா இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடப்பதால் அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. கையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். மகிழ்ச்சியில் ஆரம்பித்து, இன்றோடு வேலை கிடையாது என்பதில் முடிந்திருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஷீட்டைத் திறந்தேன். அட்டவணை தலைகீழாக நின்றது. முதல் வரியிலேயே ‘வெளியே’ என்றிருப்பது நல்லவார்த்தைக்குப் பொறுக்கவில்லை. ‘பதவி உயர்வு’ மேலே போய்விட்டது. அக்காவுக்குத் தொண்ணூற்றொன்று. ஃபார்முலா நடுவில் குதித்து அறுபதைப் பார்த்தது. தொண்ணூற்றொன்று பெரிது, கீழே போனது. நாற்பது, இன்னும் கீழே. கடைசியில் பூஜ்யத்தில் விழுந்து ‘வெளியே’ என்று பொறுக்கிக்கொண்டு வந்தது. அறுபதைத் தாண்டிய நாலைந்து பேருக்கும் இதே கதி. அதற்குக் குறைவாக வாங்கியவர்களுக்கோ மேலே ஏறி முட்டிக்கொண்டு, விடை இல்லை என்று பிழைக்குறி போட்டிருந்தது. அதை நல்லவார்த்தை, இவர்களால் பிரச்சினை இல்லை என்று புரிந்துகொண்டார். ஆக, வேலை தெரிந்தவர்கள் வெளியே, வெட்டிப் பொழுது போக்குபவர்கள் உள்ளே.

இதில் என் வயிறு எரிந்ததற்குக் காரணம் ஃபார்முலா இல்லை. தொண்ணூற்றொன்று போட்டது நல்லவார்த்தையின் கை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அதே கை.

அக்காவை இழுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். நல்லவார்த்தையும் அங்கேதான் இருந்தார். சோபாவில் முதலாளியின் மச்சினன் சாய்ந்து கிடந்தான். தயாரான மெத்தையில் படுத்துப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. படுத்தவன் எழுந்து வந்து எதையாவது சொன்னதாக இதுவரை தகவல் இல்லை. அவனுக்குப் பன்னிரண்டு மதிப்பெண். கம்பெனியிலேயே நாற்பதுக்குக் கீழே வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

முதலாளி மேஜைக் கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்து, அவர்கள் கண்ணெதிரே அட்டவணையை நிமிர்த்தி வைத்தேன். அக்காவின் கட்டத்தில் ‘பதவி உயர்வு’ வந்து உட்கார்ந்தது. முதலாளி பெரிதாகச் சிரித்தார். கம்ப்யூட்டர் செய்த கோளாறு, மனசில் வைத்துக்கொள்ளாதே, இனி நீதான் தையல் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர், மற்றவர்களையும் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்றார். நல்லவார்த்தை தன் பங்குக்கு, நம் கண்ணுக்குத் தெரியாத எதையோ கம்ப்யூட்டர் பார்த்திருக்கும் என்று நினைத்தாராம்.

அக்கா கடிதத்தை மடித்தாள்.

“கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியுமே. என் பேருக்கு நேரா வெளியேன்னு படிச்சப்போ, இவளா, இருக்காதேன்னு உங்க யாருக்குமே தோணலையா?”

முதலாளி பேனா மூடியைத் திருகினார். நல்லவார்த்தைக்கு நல்லதாக ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

“எனக்குத் தோணுச்சு,” என்றது சோபா.

மச்சினன் எழுந்து உட்கார்ந்திருந்தான். “அக்கா தைச்சதான்னு பார்த்துதான் நான் படுப்பேன். அதுதான் முதுகுல உறுத்தாது. நேத்து ராத்திரி லெட்டர் அடிக்கறப்பவே மேனேஜர்கிட்ட கேட்டேன், இந்த அக்காவைப் போய் ஏன்னு. உனக்கே ரிசல்ட் வரல, நீ சும்மா இருன்னுட்டாரு.”

அவன் ரிசல்ட் என்றதும் எல்லோர் கண்ணும் திரையில் அவன் வரிக்குப் போனது. அட்டவணை நிமிர்ந்ததில் அவனுக்கும் விடை வந்திருந்தது. ‘வெளியே’. முதலாளிக்கு வியர்த்தது. மனைவியின் தம்பியை அனுப்பிவிட்டு அவர் எந்த வீட்டுக்குப் போவார்? மச்சினன் படித்துவிட்டு, சரிதானே என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனி கண்ட முதல் நியாயம் என்று நினைத்தேன்.

“இவரு இருக்கட்டும் சார்,” என்றாள் அக்கா. “என் செக்‌ஷன்ல போடுங்க, நான் வேலை வாங்கிக்கறேன். இந்த இடத்துல ஒருத்தராவது என்னைத் தெரிஞ்சவரா இருக்கட்டும்.”

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. முகத்தை யாருக்கும் காட்டாமல் மெஷினைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். மச்சினன் கட்டத்திலிருந்த ஃபார்முலாவை அழித்துவிட்டு, கையாலேயே ‘இருக்கட்டும்’ என்று அடித்தேன். நல்லவார்த்தை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, அப்படி ஒரு முடிவு அட்டவணையிலேயே கிடையாதே என்றார்.

கிடையாதுதான் என்று சொல்லிவிட்டு, சேமித்தேன்.