இரண்டரை அங்குல பன்

பட்டறையில் அவருக்கு ‘டேப்பு’ என்றுதான் பெயர். முக்காலி செய்தாலும் கதவு நிலை செய்தாலும் மூன்று தடவை அளக்காமல் ரம்பத்தைத் தொடமாட்டார். அடுத்தவர் அளந்து சொன்னதை ஆண்டவனே சொன்னாலும் நம்பமாட்டார். தச்சு வேலையை விட்டு மகள் வீட்டோடு வந்த பிறகு, அளக்க ஒன்றுமில்லாமல் டேப்பு சட்டைப் பையில் சும்மா கிடந்தது. ஏதாவது வேலை கேட்டால் மகள், “உட்காருங்கப்பா” என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளுக்குப் பதவி உயர்வு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தார் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு குட்டி சீஸ் பர்கர், கடையில் சொல்லிவிடலாம் என்றாள்.

“கடைக்காரன் எந்தக் கறிய அரைப்பானோ. நானே பண்றேன்.”

“மேனேஜரம்மா வர்றாங்கப்பா. சொதப்பினீங்க, அப்புறம் அடுப்படிப் பக்கமே விடமாட்டேன்.”

“சரி” என்றார். ஆயுசுக்கும் உட்கார்ந்தே கிடக்கிற தண்டனைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று.

கறிக்கடையில் அரைக்கிற இயந்திரத்தின் வாயையே முறைத்துக்கொண்டு நின்றார். “பெரியவரே, வேணும்னா உள்ள புகுந்து பாருங்க” என்றார் கடைக்காரர். சீஸ் துண்டுகள் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வந்திருந்தன. “இவ்வளவு மூடி வச்சிருக்கான்னா என்னத்தையோ மறைக்கிறான்” என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அவர் மனைவி தையற்காரி. அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே, “கறி வில்லைய பன்னைவிடக் கொஞ்சம் பெருசாத் தட்டுங்க. சூட்டுல சுருங்கும்” என்றாள்.

“யார் சொன்னது?”

“புதுத் துணி தண்ணியில சுருங்கலையா? அப்படித்தான்.”

“துணி உன் பாடு. அளவுன்னா அளவு.”

பன் இரண்டரை அங்குலம். இருபத்து நான்கு கறி வில்லைகளையும் இம்மி பிசகாமல் இரண்டரையாகத் தட்டி, மொத்தத்தையும் ஓவனில் தள்ளினார். நாலேகாலுக்கு வெளியே எடுத்தபோது வில்லைகள் சிறுத்துக் கிடந்தன. டேப்பை எடுத்தார். இரண்டு. மறுபடி வைத்தார். இரண்டு. மூன்றாம் தடவையும் அதற்கு இரக்கம் வரவில்லை. பன்னுக்குள் வைத்துப் பார்த்தால், தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி எங்கேயோ ஒளிந்துகொண்டது.

“ஓவன் சரியில்ல” என்றார் மெதுவாக.

“ஆமா, பாவம், அதுக்கு டேப்பு பிடிக்கத் தெரியாது.”

“கேலி பண்ண நேரமா இது? இப்ப பொண்ணு வந்து பார்த்தா, என்னைத் தூக்கி நாற்காலியில வச்சிடுவா.”

குளியலறையில் மகள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மனைவி எழுந்தாள்.

“சட்டை தொளதொளன்னு இருந்தா ஆளையா இழுத்து நீட்டுவாங்க? சட்டையத்தானே பிடிப்போம்.”

உள்ளே போய்த் தன் கத்திரிக்கோலைக் கொண்டுவந்தாள். துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட அதற்குக் காட்டாதவள். நாற்பது வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவை அதில் சணல் கயிறு வெட்டப்போய், இரண்டு நாள் பேச்சு இல்லாமல் கிடந்தார். அதன் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் துடைத்தாள்.

“அளந்து சொல்லுங்க.”

“ரெண்டு” என்றார்.

பன்கள் வட்டமாக வெட்டுப்பட்டன. அவர் வில்லை வைத்து, சீஸ் போட்டு, உருக மட்டும் ஓவனில் காட்டி, மூடி, பல்குத்தும் குச்சியை மேலே ஆணி மாதிரி இறக்கினார். ஓரத்துண்டுகளை இருவரும் அவசரமாக மென்று தீர்த்தார்கள்.

மேனேஜரம்மா ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். “கடையில வாங்கினா பாதி என் புடவை மேலதான் விழும். இது ஒரே வாய். யாருங்க இவ்வளவு கச்சிதமா பண்ணது?”

“அப்பாதான்” என்றாள் மகள்.

“அளவுன்னா...” என்று அவர் ஆரம்பித்தார். மனைவி இருமினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு மகள், “அடுத்த மாசம் மேனேஜரம்மா வீட்டு விசேஷத்துக்கு அம்பது கேட்கறாங்க. நீங்கதாம்ப்பா பண்ணணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் காதிடுக்கில் இருந்த பென்சிலை எடுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதினார்: பன் இரண்டரை, கறி மூன்று.

“மூணா? யார் சொன்னது?” என்றாள் மனைவி.

“நானே அளந்தேன்.”

அவள் கத்திரிக்கோலை அவர் மடியில் வைத்தாள். “அப்படியா? அப்ப பன் பிசுக்கு போகச் சுத்தமாத் துடைச்சு, எண்ணெய் போட்டு வைங்க. கீறல் விழுந்துதோ, உட்காருங்கன்னு நான் சொல்லுவேன்.”