சிவப்பு நூல் எட்டும் வரை

தோணியிலிருந்து கரிக்கிடங்கு வரை அறுபத்தெட்டுக் காலடி. பலகையில் பத்து, மிச்சமெல்லாம் கொதிக்கும் மணலில். தலையில் நிலக்கரிக் கூடையோடு நடக்கும்போதெல்லாம் பிளாரன்ஸ் ஆபீஸ் வராந்தாவைத்தான் பார்த்தாள். அங்கே சுவரில் தெர்மாமீட்டர் தொங்கியது. பாதரசம் நூற்றிரண்டு டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரம் நிழலில் உட்காரலாம். உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. போன மாதம் கூட வேலை பார்த்த செண்பகம் வெயிலில் சுருண்டு விழுந்து செத்த பிறகு, பெண்கள் எல்லாரும் மூன்று நாள் கூடையைத் தொடாமல் இருந்து வாங்கிய சலுகை. சும்மாவா கிடைத்தது? எண் படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்தக் கோட்டில் சிவப்பு நூல் கட்டியவள் பிளாரன்ஸ்தான்.

ஒரு வாரமாக மண்டை பிளக்கும் வெயில். பாதரசமோ நூலுக்கு இரண்டு விரல் கீழேயே நின்றது. அன்று அவள் கூடையை இறக்கிவிட்டு நேரே வராந்தாவுக்குப் போனாள்.

"கிளார்க் அண்ணாச்சி, காலு கொப்பளிக்கி. அந்தக் கண்ணாடிக் குழாயில மட்டும் ஏன் ஏற மாட்டேங்கு?"

நாசரேத்து ஊர்க்காரரான கிளார்க் ஜெபசீலன் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். கையிலிருந்த பத்திரிகையைக் காட்டிப் பேச்சை மாற்றினார்.

"சீமையில ஒருத்தர் எழுதியிருக்காரு. கரியை எரிச்சா கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வருதாம். அது மேல சேந்து சேந்து உலகமே சூடாகுதாம். நல்லதுதான்னு சொல்லுதாரு. குளிரு நாட்டுல வெள்ளாமை கூடுமாம்."

"எரிக்கவனுக்கு நல்லதாத்தான் இருக்கும், அண்ணாச்சி. சுமக்கவளுக்கு?"

அவர் கண் தெர்மாமீட்டரின் அடியைத் தொட்டு மீண்டது. பிளாரன்ஸும் பார்த்தாள். மூலையில் கிடந்த மேனேஜரின் தண்ணீர்ப் பானை இப்போது ஸ்டூலில் ஏறி, ஈரத்துணி சுற்றிக்கொண்டு நின்றது. பாதரசக் குமிழ் அந்த ஈரத்தில் சுகமாகச் சாய்ந்திருந்தது. அவள் கிடங்குப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏளா, எல்லாரும் வாங்க! தண்ணி குடிப்போம்."

கரி படிந்த கை அந்தப் பானையைத் தொடக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். நாற்பத்திரண்டு பெண்களும் வரிசையாக வந்து குடித்தார்கள். கடைசியாக வந்த தேவமணி துணியையும் உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலிப் பானையைப் பிளாரன்ஸ் வெயிலில் கவிழ்த்தாள். யாரும் நகரவில்லை. பாதரசம் மெல்ல ஏறி நூலைத் தாண்டியது. அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் வராந்தாச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"பத்திரமா இருக்கட்டும்னு உள்ள வச்சிருக்காவ" என்றார் ஜெபசீலன், தரையைப் பார்த்தபடி.

பிளாரன்ஸ் தன் கூடையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். தேவமணி உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். தோணியில் கரி அப்படியே கிடந்தது.

மேனேஜர் அறை ஜன்னலுக்கு உள்ளே, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியின் பின்னால், சிவப்பு நூலின் நுனி விசிறிக் காற்றில் ஆடியது. பாதரசம் எண்பத்தேழில் நின்றது.