சங்காய லாரி

பல்லடம் ரோட்டில் கம்பெனி வேனுக்கு முன்னால் சங்காய லாரி மாட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் அத்தனை பெண்களின் துப்பட்டாவும் முந்தானையும் மூக்குக்குப் போய்விடும். அபிராமி மட்டும் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறப்பாள்.

"ஏனம்மிணி, உனக்கு மட்டும் அது மல்லியப்பூவாட்ட மணக்குதா?" என்றாள் செக்கிங் சூப்பர்வைசர் குழந்தையம்மாள். வேனே சிரித்தது.

சங்காயம் என்பது அபிராமியின் ஊரான மண்டபத்துக் கடற்கரையில் காய்ந்த மீன். மடி என்கிற இழுவை வலையில் பெரிய மீனோடு சிக்கி வரும் விரல் நீளக் குஞ்சுகள். சமையலுக்கு ஆகாது. உலர்த்தி மூட்டை கட்டினால் இந்தப் பக்கம் கோழித் தீவனம். ஊரிலிருந்து அவளைத் தேடி வருவது அந்த வாசம் ஒன்றுதான். அவ்வளவும் வளராமல் செத்தவை என்பது விலங்கியல் படித்த புத்திக்குத் தெரியும். மூக்குக்குத் தெரியவில்லை.

கடலில் மீன் அற்றுப்போய்த்தான் ஊரில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கு வந்திருந்தார்கள். கல்யாணமான நாலாம் மாதம் அவளும் வந்தாள். கணவன் பாண்டித்துரை விசைப்படகு டிரைவர். கடலை விட்டு வர அவனுக்கு மனமில்லை. "மீன் திரும்பட்டும், மறுநாளே வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டான்.

அன்று செக்கிங் மேஜையில் விளையாட்டுச் சட்டைக்கான ஓட்டைத்துணி ஓடியது. அடியில் எரியும் டியூப்லைட் ஒவ்வொரு துளை வழியாகவும் மேலே வந்தது. யாரும் பார்க்காதபோது நீளவாக்கில் இழுத்தாள். துளைகள் ஒடுங்கி, வெளிச்சம் அணைந்தது. மடியும் அப்படித்தான். படகு இழுக்க இழுக்க, வலையின் சாய்சதுரக் கண்கள் கோடாகச் சுருங்கிவிடும்; கண் எத்தனை பெரிதானாலும் குஞ்சுக்கு வழி கிடையாது. அதே வலையைத் திருப்பி, கண்கள் சதுரமாக நிற்கும்படி தைத்தால், எவ்வளவு இழுத்தாலும் திறந்தே இருக்கும். கல்லூரியில் அவள் செய்த ப்ராஜெக்ட் அதுதான். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் லீவு போட்டு ஊருக்குப் போய், மடியின் கடைசிப் பகுதியை இருவரும் அப்படித் திருப்பித் தைத்தார்கள். பின்னும்போது அவன் விரலும் அவள் விரலும் ஒரே கண்ணுக்குள் மாட்டிக்கொண்டன. எடுக்க இருவருக்கும் அவசரமில்லை.

"துணிய அப்படி இழுத்தா அளவு போயிருமில்ல?" குழந்தையம்மாள் பின்னால் நின்றாள். கையில் செல்போன். "இந்தா, உங்கூட்டுக்காரரு. கடலுக்குப் போய் வந்துட்டாராம். வெரசாப் பேசிட்டு வா."

அபிராமி நூல் கோன் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எறா வந்துருக்கு, நண்டு வந்துருக்கு" என்றான் பாண்டித்துரை. "சங்காயம் ஒரு கூடைகூட இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ஆளுக எல்லாம் கொதிச்சுப் போயிருக்காக. சங்காயம் அவுக பங்குல்ல? பழைய மடியப் போடலைன்னா நாளன்னைக்குப் படகுல ஏற மாட்டோம்னு நிக்கிறாக."

அவள் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். சங்காயம் படகில் போகிறவர்களின் பங்கு. முதலாளி தொடமாட்டார். அதே படகில் போகும் அவளுடைய அப்பா சீனிச்சாமி அந்தப் பங்கில்தான் அவளை விலங்கியல் வரைக்கும் படிக்கவைத்தார். மடியைத் திருப்பும்போது எப்படி மறந்தாள்?

"உங்க அப்பாதான் மொத ஆளா சத்தம் போடுறாரு" என்றான். "சொல்லு அபி. கழட்டவா? நீ சொன்னா நான் நின்னு பாக்குறேன். ஆளுக இல்லாம எத்தன நாளைக்குன்னு தெரியல."

"குஞ்சு போனதப் பாத்தீகளா?"

"மடியத் தூக்கையில பாத்தேன். கண்ணு கண்ணா, வெள்ளி வெள்ளியாப் பாஞ்சு போச்சு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

அவன் சொன்னான். முடிந்த பிறகும் அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அவன் மூச்சு கேட்டது. பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவாக இருக்கலாம்.

"கழட்டிருங்க" என்றாள்.

"அபி..."

"கழட்டுனத அறுத்துப் போட்றாதீக. வீட்டுல வைங்க."

சாயங்காலம் வேன் பழைய இடத்திலேயே நின்றது. முன்னால் வேறொரு லாரி. தார்ப்பாய்க்கு வெளியே மூட்டைகள் பிதுங்கின. அபிராமி ஜன்னலைத் திறக்கவில்லை. முதல்முறையாகத் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுக்கினாள். குழந்தையம்மாள் திரும்பிப் பார்த்தாள், கேலி செய்யவில்லை.

துப்பட்டாவின் கண்களில் நுழைந்து, வாசம் வந்துகொண்டே இருந்தது.