ஒரே கல்மேசை

"இவருதானுங்களா உங்கய்யன்?" பிணவறை ஊழியர் ராசப்பன் துணியை விலக்கினார்.

லோகப்பிரியா தலையசைத்தாள். கல்மேசையில் அப்பா அரங்கசாமி கிடந்தார். காலையில் காங்கேயம் ரோட்டில் லாரி மோதியபோது மொபெட்டை ஓட்டியவர் அவர். பின்னால் உட்கார்ந்திருந்த மாசாணம் வெறும் சிமெண்ட் தரையில் கிடந்தார். இருபது வருடமாக லோகப்பிரியா வீட்டுத் தென்னந்தோப்பில் வேலை பார்த்தவர்.

அந்தத் தாலுகா ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தது ஒரே மேசை. ஓடாத குளிர்பெட்டிக்குள் பழைய பதிவு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, இவர எதுக்குக் கீழ போட்டிருக்கீங்க?"

ராசப்பன் குரலைத் தாழ்த்தினார். "அவரத்தானுங்க மொதல்ல கொண்டாந்தாங்க. மேலதான் கெடத்தியிருந்தேன். உங்க சித்தப்பா வந்து எறக்கச் சொல்லிப்போட்டாருங்க."

வெளியே மே மாத வெயில் ஐந்து மணிக்கும் தணியவில்லை. மாசாணத்தின் மனைவி பாவாத்தாள் சுவரோரம் குந்தியிருந்தாள். சித்தப்பா தம்பிதுரை டாக்டரை வழிமறித்து நின்றார்.

"இருட்டறதுக்குள்ள ஒண்ணுதான் அறுக்க முடியும். இன்னொண்ணு காலைலதான்," என்றார் டாக்டர்.

"அண்ணன முடிச்சுக் குடுத்துருங்க. சனமெல்லாம் ஊட்டுல காத்துட்டிருக்குது."

"மொதல்ல வந்தது மாசாணமுங்க, டாக்டர்," என்றாள் லோகப்பிரியா.

சித்தப்பா சட்டென்று திரும்பினார். "என்ன பேசறே கண்ணு? இந்த வெக்கையில உங்கய்யன் விடியிற வரைக்கும் இங்க கெடந்தா, உங்கம்மா மூஞ்சி பாக்க வேண்டாமா?"

அம்மா இந்நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாவாத்தாள் எழுந்து வந்தாள். "உடுங்க அம்மணி. பண்ணாடி மொதல்ல போகட்டும். நாங்க காலைல வாங்கிக்கறோம்." தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, வெளிச்சம் போகுது," என்றார் டாக்டர்.

"மாசாணத்தையே பண்ணுங்க. அப்பா இருக்கட்டும். எழுதிக் குடுக்கறேனுங்க."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பெட்டி ஓடலைன்னு நானும் மூணு கடுதாசி எழுதிட்டேம்மா."

"நாலாவதா கலெக்டர் ஆபீசுல நானே கொண்டுபோய்க் குடுக்கறேனுங்க."

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்க." சித்தப்பா காரை நோக்கி நடந்தார். கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது.

மேசையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ராசப்பன் அரங்கசாமியின் இடுப்பைப் பிடித்தார். லோகப்பிரியா கால்களைப் பிடித்தாள். பாதங்கள் விறைத்திருந்தன. தலைப்பக்கம் ஆளில்லை.

பாவாத்தாள் வாசற்படியிலேயே நின்றாள். "நான் தொடலாமுங்களா அம்மணி?"

"புடிங்கக்கா."

மூவருமாக இறக்கினார்கள். உடம்பு தரையைத் தொட்ட பிறகும் பாவாத்தாள் தன் உள்ளங்கையை அவர் தலைக்கடியில் வைத்திருந்தாள். பிறகு, மெதுவாக, ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டாள்.