நாற்பத்தோராவது நொடியில் குலுக்கல் நிற்கிறது

1

இந்தக் கதை எனக்குத் திருத்தணியிலிருந்து சென்னை போகும் மின்சார ரயிலில் கிடைத்தது. எதிர் இருக்கையில் ஒரு பெண், செல்பேசியில் ஏதோ படத்தின் நான்கு நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணவூரில் இறங்கிப் போனாள். அவ்வளவுதான் நிஜம். மீதியை ஒரு மாதமாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். அலுத்துவிட்டது.

முதல் தொடக்கம்: "மூடுபனிக்குள் ஒருத்தி ஓடினாள், அவள் பின்னால்

(மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதன் கோளாறு. சித்திரை மாதத் திருத்தணியில் மூடுபனிக்கு எங்கே போவது?)

இரண்டாவது தொடக்கம் கீழே இருக்கிறது. இதற்கு மேல் தேட எனக்குத் தெம்பில்லை.

2

கொலைகாரனின் கண்கள்தான் கேமரா என்று ஜெபசெல்வி எழுதினாள். விஸ்காம் கடைசி ஆண்டு மாணவி. அவளும் வகுப்புத் தோழர் இருவருமாக மூன்று பேர் சேர்ந்து எடுத்த த்ரில்லர் படத்தின் இரண்டு நிமிடத் தொடக்கம்; அதன் ஒளிப்பதிவை ஷாட் ஷாட்டாக அலசி எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது.

முதல் ஷாட், கீழிருந்து மலைப்படிகள். நான்காவது, ஓடுகிறவளாக நடித்த துர்காவின் பாதங்கள், மிக அருகில். ஏழாவது, துரத்துகிறவன் பார்வையில் அவள் முதுகு. கேமரா கண்டபடி குதிக்கிறது. நாற்பத்தோராவது நொடியில் குலுக்கல் நின்று, வழுக்கிக்கொண்டு போவதுபோல மேலே ஏறுகிறது. நான்கு நொடி. பிறகு மறுபடியும் குதிக்கிறது.

பாடம் எடுக்கும் நிர்மலா மேடம் அந்த இடத்தில்தான் சொக்கிப்போனார். "துரத்துறவன் ஆடிகினு வந்தா பயமில்லம்மா. நிதானமாயிட்டான் பாரு, அங்கதான் பயமே" என்றார். அவருக்குத் தெரிந்த சென்னை ஒளிப்பதிவாளர் ஒருவர் உதவியாளர் தேடுகிறார். படத்தோடு அலசலையும் இன்று ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். கேமரா பிடித்தவன் வளவன். வேலை கிடைத்தால் அவனுக்குச் சென்னை. கிடைக்காவிட்டால் ஆர்.கே.பேட்டையில் அப்பாவின் விசைத்தறி.

(இங்கே அசோக்குமார் என்று ஓர் இயக்குநர் இருந்தான். தொப்பி போட்டுக்கொண்டு எல்லாரையும் அதட்டினான். இரண்டு பக்கம் கழித்தும் அவன் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அனுப்பிவிட்டேன்.)

3

நடந்தது வேறு. திருத்தணி முருகன் மலைப்படியில் செருப்பு கூடாது. கூட்டம் குறைவாக இருக்கும் என்று நடுப்பகலில் போனார்கள். அந்த வெயிலில் கல் என்னவாகும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓடுகிற துர்காவுக்குக் கால் தரையில் தங்கவில்லை. கேமராவோடு ஏறிய வளவனுக்குத் தங்கியது, சுட்டது. குதித்தான். ஓரமாக வந்த செல்வி, கேமராவில் விழாமல் குனிந்து முன்னால் ஓடி, தன் பாட்டில் தண்ணீரை வளவன் மிதிக்கப்போகும் ஐந்தாறு படிகளில் ஊற்றினாள். தண்ணீர் தீர்ந்தது. நான்கு நொடி.

வளவனின் கண் திரையில் இருந்தது. ஷாட் முடிந்ததும் மூவரும் நிழலுக்கு ஓடியதில் அவள் சொல்லவும் இல்லை.*

* கால் நனைந்தது தெரியாதா என்று இதைப் படித்த தோழி கேட்டாள். வெந்துபோன காலுக்கு எது ஈரம், எது வியர்வை?

4

ரயில் அரக்கோணம் தாண்டியதும் செல்வியை வளவன் செல்பேசியில் கூப்பிட்டான்.

"இன்னாடி, அனுப்சிட்டியா?"

"ஏழாவதுலயே நிக்கிறேன்."

"அதுல இன்னா கீது? ஆட்டம், அப்பறம் நிதானம், எல்லாம் பிளான் பண்ணி எடுத்ததுன்னு போடு."

"பிளானா? கோழி மாதிரி குதிச்சுகினு வந்த."

"அது அவங்களுக்கு எங்க தெரியும்?" சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், எழுதிடாத. நடுவுல கொஞ்ச நேரம் கால் சுடவேயில்ல செல்வி. சில்லுனு இருந்துச்சு. முருகன் கைவுடலன்னு நெனச்சுகினேன். நைனாகிட்டயும் சொன்னேன். தறிக்கு வான்னு கத்திகினு இருந்த மனுசன், 'அப்டின்னா போய்ட்டு வாடா'ன்ட்டாரு."

"ஆங்" என்றாள் செல்வி.

அழைப்பை முடித்துவிட்டுப் படத்தை மறுபடி ஓட்டி நிறுத்தினாள். நாற்பத்தோராவது நொடி, இடது கீழ்மூலை. கல்லில் கறுப்பாக ஓர் ஈரத் திட்டு. தேடினால்தான் தெரியும். ஆனால் ஒளிப்பதிவாளர்கள் தேடுகிறவர்கள்.

5

முடிவு அ: அவன் சொன்னபடி எழுதுகிறாள். வளவன் வேலையில் சேர்ந்த முதல் நாளே, "அதே மாதிரி இன்னொரு தடவ எடு தம்பி" என்கிறார்கள். (எழுதும்போது எனக்கே கால் சுட்டது.)

முடிவு ஆ: தண்ணீரை எழுதுகிறாள். சென்னையிலிருந்து அழைப்பு அவளுக்கு வருகிறது. வளவன் அதைக் கேட்டு

(இந்த வாக்கியத்தை ஏழு முறை அடித்துவிட்டேன்.)

முடிவு இ: எல்லாருக்கும் நல்லபடியாக. வேண்டாம், எனக்கே நம்பிக்கையில்லை.

6

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். ரயில் வேகம் குறைக்கிறது. செல்வியின் திரையில் இருப்பது இவ்வளவுதான்: "ஏழாவது ஷாட், நாற்பத்தோராவது நொடியில் குலுக்கல் நிற்கிறது. காரணம்

மணவூர் வந்துவிட்டது. இறங்கும்போது அவள் கட்டைவிரல் அசைந்தது. எழுதினாளா, அழித்தாளா, தெரியவில்லை. நடுவில் கூட்டம் ஏறிவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு காலி பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அதுவும் நிஜம்தான். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

நான் ஓய்ந்துவிட்டேன். "காரணம்" என்பதற்கு அடுத்த சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வளவனும் அதைப் படிப்பான், அவன் அப்பாவுக்கும் படித்துக் காட்டுவான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு.