சோணையம்மாளின் பவுடர் டப்பா

எண்பத்து நாலாம் வருசம் சித்திரை மாசம். சிம்மக்கல் சோடாக் கடையில் மூன்று பாட்டில்கள் வெடித்தன. ஒவ்வொரு பாட்டிலின் உடைந்த சில்லிலும் கடுகளவு வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. பாட்டில் செய்த திருமங்கலத்து ஆலையில் பழி முழுக்கச் சோணையம்மாள் தலையில் விழுந்தது. உருக்கப்போகும் பழைய கண்ணாடியிலிருந்து கல்லையும் தகரத்தையும் பொறுக்கி எடுக்கும் பதினோரு பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு.

"கண்ணு தெரியாதவளுகள வேலைக்கு வச்சா இப்படித்தான். திங்கக்கிழமையிலருந்து ஒருத்தியும் வரவேண்டாமாம்த்தா," என்றார் மேஸ்திரி காசிமாயன்.

அவள் சில்லை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இது எங்க குவியல்ல கிடக்கிற கல்லு இல்லண்ணே."

"கல்லுல ஊர்ப் பேரு எழுதியிருக்காக்கும்?"

"மதுரைக்குச் சோதிக்கக் கொண்டுபோறீகள்ல. நானும் வாரேன்."

ஒரு பவுடர் டப்பாவோடு காசிமாயன் கூடப் போனாள். குவியலில் பொறுக்கிய கற்களில் வகைக்கு ஒன்றை அதில் போட்டு வைப்பது அவள் வழக்கம்.

ஆய்வுக்கூடத்தில் ஆரோக்கியநாதன் சார் சில்லிலிருந்த கல்லின்மேல் லேசரைப் பாய்ச்சினார். 'டப்'பென்று ஒரு சத்தம், ஊசிமுனை அளவில் ஒரு பொறி. அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பிலிமில் பிடித்தால் கோடுகோடாக விழுமாம். எந்தப் பொருளானாலும் அதற்குரிய இடத்தில்தான் கோடு விழுமாம்.

"இம்புட்டுத்தானா? ஊதுபத்திகூட இதவிடப் பெருசாப் பொசுக்குமே," என்றாள். சார் சிரித்துவிட்டார்.

டப்பாவிலிருந்த பதினேழு கல்லையும் சுட்டார். பிலிமைக் கழுவிக் காயவைக்க மத்தியானமாகிவிட்டது. பாட்டில் கல்லில் விழுந்த கோடுகளில் நாலு, டப்பாக் கல் எதிலுமே இல்லை.

"இது சிர்கோனியம், அம்மா. உலைச் சுவத்துச் செங்கல்லுல இருக்கிற சரக்கு."

"இருக்கும்னு சொன்னா இவுக நம்பமாட்டாக சார். இதையும் சுட்டுப் பாருங்க." மடியிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்து வைத்தாள். "போன மாசம் உலை வாசல்ல உதுந்து கிடந்துச்சு. நாந்தான் மேஸ்திரியண்ணன்கிட்டச் சொன்னேன்."

காசிமாயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே நாலு கோடு, அதே இடத்தில்.

திங்கட்கிழமை பதினோரு பெண்களும் வேலைக்கு வந்தார்கள். செங்கல் மாற்றும்வரை உலைக்குத்தான் லீவு விட்டார்கள்.

முதலாளி பார்க்கவேண்டும் என்கிறார் என்று காசிமாயன் டப்பாவைக் கேட்டு வந்தார். சோணையம்மாள் குவியலிலிருந்து நிமிராமலே நீட்டினாள்.

"பாத்துட்டு அப்படியே கொண்டாங்கண்ணே. இப்பப் பதினெட்டு இருக்கு. எண்ணித்தான் தாரேன்."